போர்டு புதிது, கிராஷ் ஏன்?

மதர்போர்டு மாற்றிய கணினி கடையில் சமர்த்தாகத்தான் ஓடும். கடைக்காரர் ஆன் செய்து காட்டுவார்; விண்டோஸ் வரும், யூடியூபில் ஒரு பாட்டு ஓடும், பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்து வந்துவிடுவார்கள். வேலையை ஆரம்பித்த பிறகுதான் தொல்லை தெரியவரும். ஃபோட்டோஷாப்பில் பெரிய படத்தைத் திறந்தால் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். குரோமில் ஒரு டேப் செத்துப்போகும், பின்னாலேயே இன்னொன்றும் போகும். அவுட்லுக் உள்ளே விடாமல் அடம்பிடிக்கும். விளையாட்டு ஏறி முடிப்பதற்குள் திரை டெஸ்க்டாப்புக்குத் திரும்பிவிடும்.

மறுபடி கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றே: “ஃபார்மட் போட்டுடலாம் சார்.”

அந்தப் பதிலை உடனே ஏற்க வேண்டாம் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது. ஃபார்மட் கடைசியில் தேவைப்படலாம். ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் செய்தால் பழுது எங்கே என்று காட்டும் தடயங்கள் அத்தனையும் அழிந்துபோகும். ரேமில் கோளாறு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். புதிதாகப் போடும் விண்டோஸும் அதே ரேம் வழியாகத்தான் டிஸ்கில் இறங்குகிறது. பாதி கெட்ட கோப்புகளோடு ஒரு ‘புது’ விண்டோஸ் உருவாகும். வாடிக்கையாளரின் புகைப்படங்களும் கணக்குகளும் போனதுதான் மிச்சம்.

போர்டு மாற்றிய பின் வரும் கிராஷ்களில் பெரும்பாலானவை மூன்று இடங்களிலிருந்து வருகின்றன. இது வேறு கணினி என்று மென்பொருள் சந்தேகப்படுவது ஒன்று. பழைய போர்டின் டிரைவர்கள் காலி செய்யாமல் தங்கிவிடுவது இன்னொன்று. ரேம், பிராசசர், மின்சாரம் மூன்றும் புதிய போர்டோடு சரியாக ஒத்துப்போகாதது மூன்றாவது. எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. விண்டோஸே எழுதி வைத்திருக்கிறது.

பதிவேட்டைப் படித்தல்

ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்ற பக்கம் திறக்கும். நாள்வாரியாக ஒரு கோடு ஓடும். 1 முதல் 10 வரை மதிப்பெண். மென்பொருள் விழுந்த நாட்களில் சிவப்புக் குறி. இங்கே முதலில் பார்க்க வேண்டியது போர்டு மாற்றிய தேதிக்கு முந்தைய வாரங்களை. அப்போதும் சிவப்புக் குறிகள் இருந்திருந்தால் புதிய போர்டின் மேல் பழிபோட முடியாது. பழைய போர்டுதான் கெட்டது என்று முடிவுகட்டியதே தவறாக இருந்திருக்கலாம்; ரேமோ, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸோ அப்போதே தகராறு செய்திருக்கலாம்.

அடுத்து ‘ஈவென்ட் வியூவர்’. அதில் ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதற்குள் ‘அப்ளிகேஷன்’. சிவப்பு அடையாளத்தோடு 1000 என்ற எண்ணுள்ள பதிவு ஒவ்வொன்றும் ஒரு கிராஷ். ஒன்றைத் திறந்தால் கண்ணைக் கட்டும் அளவுக்கு வரிகள் இருக்கும். படிக்க வேண்டியவை மூன்றே. ‘ஃபால்டிங் அப்ளிகேஷன் நேம்’ என்பது விழுந்த மென்பொருள். ‘ஃபால்டிங் மாட்யூல் நேம்’ என்பது விழுந்த நொடியில் ஓடிக்கொண்டிருந்த கோப்பு. ‘எக்செப்ஷன் கோட்’ என்பது விழுந்த விதம். இந்தக் கடைசி வரியில் அதிகம் தென்படுவது 0எக்ஸ்சி0000005. தனக்கு அனுமதியில்லாத நினைவக முகவரியை மென்பொருள் தொடப் போனது என்று அதற்குப் பொருள்.

இப்படி ஏழெட்டுப் பதிவுகளைத் திறந்து ஒரு தாளில் மூன்று வரிகளையும் குறித்துக்கொண்டால் போதும், பாதி நோய் தெரிந்துவிடும். எப்போதும் ஒரே மென்பொருள், ஒரே கோப்பு என்றால் அது மென்பொருள் அல்லது டிரைவர் சிக்கல். இன்று குரோம், நாளை எக்ஸெல், மறுநாள் விண்டோஸின் சொந்த எக்ஸ்புளோரர், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோப்பு என்றால் சந்தேகம் ரேம், பிராசசர், மின்சாரம் பக்கம் திரும்ப வேண்டும். ‘என்டிடிஎல்எல்’ என்ற கோப்பின் பெயர் அடிக்கடி வரும். அதைக் குற்றவாளியாக்க வேண்டாம். எல்லா மென்பொருளும் விண்டோஸுக்குள் போய்வரும் வாசல் அது, விழுகிறவை பல அங்கேதான் விழும்.

பக்கத்திலேயே ‘சிஸ்டம்’ பதிவேடு இருக்கிறது. அதில் ‘வியா லாகர்’ என்ற பெயரில் ஏதாவது இருந்தால் விஷயம் தீவிரம்: வன்பொருளே தன் பிழையை ஒப்புக்கொள்கிறது. ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவைக் காட்டி எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. அந்தப் பதிவு சொல்வது, கணினி முறையாக மூடப்படாமல் மறுபடி கிளம்பியது என்பதை மட்டும்தான். காரணம் மின்வெட்டாகவும் இருக்கலாம், யாரோ பவர் பட்டனை அழுத்திப் பிடித்ததாகவும் இருக்கலாம்.

இது வேறு கணினி என்று நினைக்கும் மென்பொருள்கள்

போர்டு மாறினால் கணினியின் அடையாளமும் மாறுகிறது. நெட்வொர்க் முகவரி, வரிசை எண், டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் எல்லாமே புதிது. டிஸ்கில் இருக்கும் மென்பொருளுக்கு இந்தச் செய்தி எட்டியிருக்காது. வீடு மாறியும் ரேஷன் அட்டையில் பழைய முகவரியே இருப்பவர் கடை கடையாக அலைவதைப் போல, உரிமம் கேட்கும் ஒவ்வொரு மென்பொருளிடமும் இந்தக் கணினி மாட்டிக்கொள்ளும்.

ஆஃபிஸ் 365, டீம்ஸ், அவுட்லுக் பயன்படுத்தும் அலுவலகங்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். உள்ளே நுழையும்போது டிபிஎம் பழுதாகிவிட்டது என்று ஒரு செய்தியும் 80090016 என்ற எண்ணும் வரும். சிப்பில் உண்மையில் பழுது இல்லை. மென்பொருள் தன் சாவியைப் பழைய போர்டின் டிபிஎம்மில் பூட்டி வைத்திருந்தது; புதிய போர்டில் அந்தச் சாவியைத் தேடிக் காணாமல் தவிக்கிறது. செட்டிங்ஸில் ‘அக்கவுன்ட்ஸ்’, அதில் ‘ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்’ போய் அலுவலகக் கணக்கைத் துண்டித்து, கணினியை ஒருமுறை மூடித் திறந்து, மறுபடி இணைத்தால் பல இடங்களில் சரியாகிவிடும். துண்டிப்பதற்கு முன் அந்தக் கணினியில் நுழைய வேறொரு நிர்வாகிக் கணக்கும் அதன் கடவுச்சொல்லும் கையில் இருக்க வேண்டும். விண்டோஸில் நுழையும் பின் எண் வேலை செய்யாமல் போவதும் இதே காரணத்தால்தான். கடவுச்சொல் கொண்டு நுழைந்து பின் எண்ணைப் புதிதாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ரைசன் பிராசசர் உள்ள கணினியில் புதிய போர்டு முதன்முதலாகக் கிளம்பும்போதே கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வரலாம்: எஃப்டிபிஎம் (பிராசசர் வழியாக இயங்கும் டிபிஎம்) பதிவை அழிக்க ‘ஒய்’, பழையபடி வைத்திருக்க ‘என்’. பலர் வாசிக்காமல் ‘ஒய்’யைத் தட்டிவிடுகிறார்கள். டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அதன்பின் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் உள்ளே போக முடியாது. விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் இந்தப் பூட்டு உரிமையாளருக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கும். ஆகவே போர்டைக் கழற்றும் முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதிக்கொள்வது மிக அவசியம். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துவிட்டுப் போர்டை மாற்றுவது அதைவிடவும் நல்லது.

கடைகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் டேலி என்ற கணக்கு மென்பொருள்தான் முதலில் முரண்டுபிடிக்கும். அதன் உரிமம் கணினியோடு கட்டப்பட்டது. போர்டு மாறியதும் ‘எஜுகேஷனல் மோட்’ என்று காட்டும். அந்த நிலையில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும். டேட்டா கெட்டுவிட்டது என்று பதறிப்போய் பேக்கப்பை மேலே எழுதிவிடுபவர்கள் இருக்கிறார்கள். டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. உரிமத்தை மறுபடி இயக்கினால் போதும்.

மதர்போர்டை ‘லாஜிக் போர்டு’ என்று அழைக்கும் ஆப்பிள் உலகில் கிராஷ் என்றே தோன்றும் ஒரு விநோதம் உண்டு. மேக் ஆப் ஸ்டோரில் வாங்கிய செயலியோடு ஒரு ரசீதுக் கோப்பும் இறங்குகிறது. அந்த ரசீது கணினியின் நெட்வொர்க் முகவரியோடு பிணைக்கப்பட்டது. ஐமேக்கின் லாஜிக் போர்டு மாறினால் முகவரி மாறும், ரசீது பொருந்தாது. அப்போது செயலி 173 என்ற எண்ணைச் சொல்லிவிட்டுத் தானே வெளியேற வேண்டும் என்று செயலி எழுதுவோருக்கு ஆப்பிள் விதி வகுத்திருந்தது. பார்ப்பவர் கண்ணுக்கு, ஐகான் ஒரு துள்ளு துள்ளி மறைந்துபோகும். ஆப் ஸ்டோரில் வெளியேறி மறுபடி நுழைவது, அதற்கும் மசியாவிட்டால் அந்தச் செயலியை நீக்கிவிட்டுத் திரும்ப இறக்குவது, இவ்வளவே மருந்து. வாங்கிய செயலிக்கு மறுபடி பணம் கட்ட வேண்டியதில்லை.

இன்னொரு சின்ன விஷயம். பெட்டியில் நெடுநாள் கிடந்த போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். உலாவிகள் எந்தத் தளத்தையும் நம்ப மறுக்கும், உரிமங்கள் காலாவதி என்று காட்டும். சில பத்து ரூபாய்களில் முடிகிற காரியம்.

பழைய போர்டின் மிச்சங்கள்

டிஸ்கை அப்படியே எடுத்துப் புதிய போர்டில் மாட்டினால் இன்றைய விண்டோஸ் பெரும்பாலும் கிளம்பிவிடும். அந்த வசதியே ஒரு வலையும் ஆகிறது. பழைய போர்டின் ஒலி டிரைவர், விசிறிகளையும் வண்ண விளக்குகளையும் ஆட்டிவைக்கும் மென்பொருள், ஓவர்கிளாக் கருவி எல்லாம் உள்ளேயே இருக்கும். தாங்கள் ஆளவேண்டிய சிப் இல்லாத ஊரில் அவை தொடர்ந்து ஓடும்.

நஹிமிக் என்ற ஒலி மென்பொருள் இதற்கு நல்ல சான்று. சில போர்டுகளோடு சேர்ந்து வரும் இது, திரையில் தன் குறிப்பைக் காட்டுவதற்காக மற்ற மென்பொருள்களுக்குள் தன் கோப்பு ஒன்றை நுழைக்கிறது. அதனால், ஒலிக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மென்பொருள்கூட விழும். பதிவேட்டில் ‘ஃபால்டிங் மாட்யூல்’ வரியில் நஹிமிக் என்ற பெயர் இருந்தால் யோசிக்க வேண்டாம், நீக்கிவிடலாம்.

டிவைஸ் மேனேஜரில் ‘வியூ’ பட்டியலைத் திறந்து ‘ஷோ ஹிட்டன் டிவைசஸ்’ என்று கொடுத்தால், இப்போது இல்லாத பழைய சாதனங்கள் மங்கலாகத் தெரியும். பழைய போர்டுக்கு உரியவற்றை அங்கிருந்தே நீக்கலாம். பிறகு புதிய போர்டின் தயாரிப்பாளர் தளத்திலிருந்து, அதே மாடல் எண்ணுக்கு உரிய சிப்செட் டிரைவரை முதலிலும் மற்றவற்றை அதன் பின்னும் போட வேண்டும். கிராஃபிக்ஸ் டிரைவர்தான் தகராறு என்று தெரிந்தால் சேஃப் மோடில் டிடியு என்ற கருவியால் சுத்தமாக வழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது நல்லது.

ரேமும் பிராசசரும்

வெவ்வேறு மென்பொருள், வெவ்வேறு கோப்பு என்று தாளில் பட்டியல் நீண்டால் வேலை இங்கேதான்.

முதலில் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை அணைக்க வேண்டும். ரேமின் மேல் 3600 என்று அச்சிட்டிருந்தால் அந்த வேகம் இந்த அமைப்பைப் போட்டால்தான் வரும். அது உண்மையில் ஓவர்கிளாக். பழைய போர்டு அதைத் தாங்கியிருக்கலாம், புதிய போர்டு தாங்காமல் போகலாம். நான்கு ரேம் குச்சிகள் போட்டால் சுமை இன்னும் கூடும். ரைசன் 7000 வரிசையில் இரண்டு குச்சிகளுக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் 5200, நான்கு போட்டால் அதுவே 3600. எக்ஸ்எம்பியை அணைத்ததும் கிராஷ் நின்றுவிட்டால் பழுதைப் பிடித்தாயிற்று. கொஞ்சம் வேகம் குறைந்தாலும் வேலை கெடாத கணினியே மேல்.

நிற்கவில்லையா, மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசக் கருவியைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியைக் கிளப்பி, இரவு முழுக்க ஓடவிட வேண்டும். இங்கே ‘ஒரே ஒரு பிழைதானே’ என்ற சலுகைக்கு இடமில்லை. ஒன்று வந்தாலும் தோல்விதான். வந்தால் ஒரே ஒரு குச்சியை மட்டும் வைத்துச் சோதிக்க வேண்டும். பிறகு அதே குச்சியை வேறு ஸ்லாட்டில். பிழை குச்சியோடு இடம் மாறினால் ரேம் கெட்டது. ஸ்லாட்டோடு தங்கினால் போர்டு அல்லது பிராசசர் சாக்கெட். மெக்கானிக்குகள் ரேமின் பொன்னிற முனைகளை ரப்பரால் தேய்த்துத் துடைப்பதைப் பார்த்திருக்கலாம். அழுக்குப் படிந்த பழைய ரேமுக்கு அது பலன் தருவதுண்டு. ஆனால் குச்சியை வெளியே எடுத்து, மெதுவாகத் தேய்த்து, ரப்பர்த் துகளை ஊதிவிட்ட பிறகே மாட்ட வேண்டும்.

பிராசசர் சாக்கெட்டைத் திறந்து பார்க்கத் தயங்கக்கூடாது. எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 1700 நுண்கம்பிகள் போர்டின் பக்கம் நிற்கின்றன. மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வரிசை வரிசையாக ஒரே மாதிரி மின்னும். ஒரு கம்பி வளைந்திருந்தாலும் அந்த இடத்தில் மின்னல் பிசகும். சில கம்பிகள் வளைந்தால் கணினி கிளம்பவே கிளம்பாது. ரேமுக்குப் போகும் கம்பியோ கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் கம்பியோ அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தால் கிளம்பி, ஓடி, நடுவில் விழும். துணியோ பஞ்சோ கொண்டு அங்கே துடைக்கவே கூடாது, கம்பியில் மாட்டி இழுத்துவிடும். கூலரின் திருகுகளை ஒரு பக்கம் மட்டும் இறுக்கினாலும் இதே மாதிரிக் கோளாறு வரும்.

பயாஸ் பதிப்பு எவ்வளவு முக்கியம் என்பதை இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் உலகத்துக்கே காட்டின. கிராஃபிக்ஸ் கார்டில் நினைவகம் தாராளமாக இருந்தும் ‘அவுட் ஆஃப் வீடியோ மெமரி’ என்று சொல்லி விளையாட்டுகள் விழுந்தன. எல்லோரும் கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டினார்கள். பிராசசருக்குள் மின்னழுத்தம் தேவைக்கு மேல் ஏறி அதை நாளடைவில் பலவீனப்படுத்தியதே காரணம் என்று 2024-இல் இன்டெல் அறிவித்தது. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோட் திருத்தங்கள் பயாஸ் வழியாக வந்தன. ஏற்கெனவே பலவீனப்பட்ட பிராசசரைத் திருத்தத்தால் மீட்க முடியாது என்பதும் தெளிவானது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு உத்தரவாதத்தை இன்டெல் 2 ஆண்டு நீட்டித்தது.

போர்டு மாற்றுபவருக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது. பெட்டி பிரிக்காத போர்டிலும் பயாஸ் அது தயாரான நாளில் இருந்ததுதான். பழைய போர்டில் திருத்தம் போட்டு நன்றாக ஓடிய ஐ7 பிராசசர், புதிய போர்டில் திருத்தத்துக்கு முந்தைய பயாஸில் ஓடத் தொடங்கினால் ஆபத்துக்குத் திரும்பியதாகத்தான் அர்த்தம். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இப்போது ஓடும் மைக்ரோகோட் எண்ணைக் காட்டும். ஏஎம்டி பக்கமும் இப்படி ஒன்று நடந்தது: 2023-இல் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசசர்கள் சில கருகிப்போன பிறகு, எஸ்ஓசி மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி பயாஸ் திருத்தங்கள் வெளியாயின.

புதிய போர்டு என்பதாலேயே அது நல்ல போர்டு ஆகிவிடாது. 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் தன் 6 வரிசை சிப்செட்டில் வடிவமைப்புப் பிழை இருப்பதாக அறிவித்தது. சாட்டா இணைப்புகளில் சில, நாளாக ஆகத் தேய்ந்து பழுதாகக்கூடியவை என்றது. கடைக்கு வந்துவிட்ட புத்தம்புதிய போர்டுகளைத் திரும்ப வாங்கி மாற்றிக்கொடுக்க வேண்டியதாயிற்று. இன்று ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பழைய பிராசசர்களுக்காக விற்கும் எச்61, எச்81 போர்டுகளை வாங்குவோர், தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலுக்கு பயாஸ் கோப்பு கிடைக்கிறதா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்வது நல்லது. கிடைக்காவிட்டால் விலை குறைவு என்பதற்காக வாங்கக்கூடாது.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக: பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் 8 முனை இணைப்பு முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். 12 வோல்ட் கம்பியில் சுமை ஏறியபோதும் 11.4-க்குக் கீழே இறங்கக்கூடாது. மென்பொருள் காட்டும் அளவு தவறாக இருக்கலாம், மல்டிமீட்டரை நம்பலாம்.

இவ்வளவும் முடிந்து வன்பொருள் சுத்தம் என்று தெரிந்த பிறகே விண்டோஸைத் தொட வேண்டும். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து முதலில் டிஐஎஸ்எம் கட்டளையும் பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நௌ கட்டளையும் கொடுத்தால், ரேம் கெட்டிருந்த நாட்களில் சிதைந்த கோப்புகளைத் தேடிப் பிடித்து மாற்றும். அப்போதும் விழும் மென்பொருளை மட்டும் நீக்கித் திரும்பப் போடலாம். அதன் பிறகும் தீராத ஒரு சில கணினிகளுக்குத்தான் ஃபார்மட்.

சாக்கெட் கம்பி வளைந்திருந்தாலோ ஸ்லாட் செத்திருந்தாலோ போர்டு உத்தரவாதத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். அப்போது கிராஷ் பதிவுகளின் படம், மெம்டெஸ்ட் திரையின் படம், பில் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் ‘எங்களிடம் ஓடுகிறதே’ என்ற பதிலுக்கு இடமிருக்காது. எல்ஜிஏ போர்டின் சாக்கெட்டை மூடி வரும் பிளாஸ்டிக் மூடியைப் பிராசசர் பொருத்திய அன்றே குப்பையில் போட்டுவிட வேண்டாம். அந்த மூடி இல்லாமல் வரும் போர்டை உத்தரவாதத்தில் ஏற்கமாட்டோம் என்று தயாரிப்பாளர்கள் பலர் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.